ஆசிக் அனுப்பிய டிஸ்க்

குமுதவல்லி என்று பெயர் சொல்லிக் கேட்டால் சின்ன காஞ்சிபுரத்தில் பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் மாமி என்றால் கோவில் வாசலில் பூ விற்பவர்கள்கூடக் கை காட்டுவார்கள். தேரடிக்குப் போகிற வழியில், அக்பர் பாயின் சூட்கேஸ் கடையை ஒட்டிய சின்ன அறையில் அவள் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் பிராஜக்ட் எல்லாம் அங்கேதான். அந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெண் அவள். மிஷின் வண்டியில் வந்து இறங்கிய அன்று தெருவே திரண்டு வந்து எட்டிப் பார்த்தது. கோவிலில் சாத்துமுறைப் பாசுரம் சேவித்துவிட்டு வந்த பெரியவர்கள் இருவர், "இது பஞ்சாங்கம் கணிக்குமாம்மா?" என்று நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமை வருஷங்கள் போயும் அவளுக்குள் சூடு ஆறாமல் இருந்தது.

ஆனால் மிஷின் பழசாகிவிட்டது. அது விண்டோஸ் 95 காலத்துச் சரக்கு. இப்போதோ இரண்டாயிரத்து மூன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் கோதண்டபாணி என்பவர் ஏ.சி. போட்டு ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார். வரிசையாகப் புது மிஷின்கள். காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவை எடுத்து, "இத எங்க மாமி சொருகறது?" என்று கேட்டார். சொருகுவதற்கு அவள் மிஷினில் இடம் இல்லை. "சரி, கோதண்டபாணிகிட்ட இருக்குது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் போன பிறகு குமுதவல்லி வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரம்ஜான் பீ வந்தது அதற்குச் சில நாள் கழித்து, ஒரு மத்தியானம். கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். பட்டுச் சேலைகளின் முந்தானைக்குக் குஞ்சம் முடிந்து கொடுப்பது அவள் தொழில். மகன் ஆசிக்குக்குத் துபாயில் வேலை. சேலை வைக்கிற அந்தத் துணிப் பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரித்தால் அரைச் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு ஒயர், ஒரு அடாப்டர்.

"ஆசிக் அனுப்பிச்சான் மாமி. முசரவாக்கத்து முருகேசன் துபாய்லேர்ந்து லீவுல வந்தாரு இல்ல, அவரு கைல குடுத்து அனுப்பிச்சான். இதுக்குள்ள அவன் பேசினது இருக்குதாம். கம்ப்யூட்டர்ல போட்டாதான் தெரியுமாம்."

"ஹார்டு டிஸ்க். வெளியில வெச்சு மாட்டறது" என்றாள் குமுதவல்லி, அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "சி.டி.ல போட்டு அனுப்பியிருக்கலாமே?"

"நானும் அதான் முருகேசன்கிட்ட கேட்டேன். சி.டி.ன்னா எங்க அண்ணன் வூட்ல பிளேயர் இருக்குது, யார் வேணா போட்டுப் பாத்துடுவாங்கன்னு சொன்னானாம். நான் தனியா பாக்கணுமாம் மாமி. போட்டுக் குடுக்கறவங்க ஒருத்தரு பக்கத்துல இருந்தா போதுமாம்." ரம்ஜான் பீ பக்கத்துச் சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன்ல எதுவும் பேச முடியல. பாய் கடைக்குத்தான போன் வருது? அவரு எதுர்ல நின்னுக்கினு என்னான்னு பேசறது?"

அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ரம்ஜான் பீ வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஆசிக் அக்பர் பாயின் கடைக்குத்தான் கூப்பிடுவான். அக்பரின் மகள் ரூக்ஷாரை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த லீவில் வந்தால் நிக்காஹ். துபாயில் ஒரு பிரஸ்ஸில் சூப்பர்வைசராக இருக்கிற மாப்பிள்ளை என்று அக்பர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, சூட்கேஸ் வாங்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குக்கூட அது தெரிந்திருந்தது.

"பிரௌசிங் சென்டர்ல குடுத்தா ஒடனே தெரியும்னாங்க மாமி. அங்க பூரா பசங்களா உக்காந்துக்கினு இருக்கறானுங்க. பொம்பள கடைன்னுதான் உங்ககிட்ட எடுத்தாந்தேன்."

"அங்க எதுக்குப் போகணும்? நன்னா பண்ணேள், இங்க வந்தேளே. விட்டுட்டுப் போங்கோ. நான் பாத்துக்கறேன்."

ஒயரின் முனை தன் மிஷினில் எங்கே சேரும் என்று பார்ப்பதற்கு முன்பே அவள் அப்படிச் சொல்லிவிட்டாள்.

பார்த்தபோது எதுவுமே சேரவில்லை. முதலில் அடாப்டர். துபாய்ப் பிளக், தடித்தடியாக மூன்று சதுரக் கால். நம் ஊர் சுவரில் இருப்பதோ வட்ட ஓட்டை. அதற்கு அக்பர் பாய்தான் வழி செய்தார். வெளிநாடு போகிறவர்களுக்கு விற்கிற கன்வர்ட்டர் ஒன்றைத் தன் கடையிலிருந்து எடுத்து வந்து, "மாப்ள அனுப்பிச்ச பொருளுக்கு நான் துட்டு வாங்குவனா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். சொருகியதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து, உள்ளே ஏதோ சுழலும் சத்தம் கேட்டது. அக்பர் காதை வைத்துக் கேட்டு மகிழ்ந்தார்.

அடுத்தது ஒயர். ஒரு முனை சதுரம். அது டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது. மறுமுனை தட்டை. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் பிரிண்டருக்கு நீள ஓட்டை உண்டு, மவுஸுக்கு ஊசி ஊசியாக ஒரு ஓட்டை உண்டு, கீபோர்டுக்கு வட்டமாக ஒன்று உண்டு. தட்டைக்கு எதுவும் இல்லை. குமுதவல்லி சென்னைக்குப் பஸ் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கடைக்காரன் கொடுத்த கன்வர்ட்டரை வாங்கி வந்து பார்த்தால், அது புது மிஷினில் பழைய சாமானை மாட்டுவதற்கு. அவளுக்கு வேண்டியது நேர்மாறானது. மறுபடியும் போனாள். இந்த முறை மிஷினின் உள்ளே பொருத்துகிற கார்டு ஒன்று கிடைத்தது. கேபினெட்டைத் திறந்து, தூசியைத் துடைத்து, தானே திருகி மாட்டினாள். கார்டு விண்டோஸ் 95-ஐ ஏற்கவில்லை. 98 போட்டாள். போட்டதும் தமிழ் எழுத்துரு எல்லாம் காணாமல் போய், அச்சுக்குத் தயாராக இருந்த ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் கோணல்மாணலாக ஏதேதோ வந்தது. அதையும் உட்கார்ந்து சரி செய்தாள்.

அவள் கணவர் சீனிவாசன் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலம் கடைக்கு வந்து மிஷின் பிரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவ கோதண்டபாணி கடைக்கு அழைச்சிண்டு போய், கூட உக்காந்து காமிச்சுட்டு வந்துடேன். பத்து நிமிஷ வேலை" என்றார்.

"இதையும் அங்க கொண்டு போகணுமா?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள். 

இத்தனையும் நடந்த நாட்களில் டிஸ்க் விஷயம் தெருவின் விஷயமாகிவிட்டது. குமுதவல்லியே எல்லோரிடமும் சொன்னாள். எந்த ஓட்டையில் எது சேரவில்லை, கடைக்காரன் எதைத் தலையில் கட்டினான், கார்டை எப்படி மாட்டினாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை. எதிர் டீக்கடை முனுசாமி கிளாஸ் கழுவிக்கொண்டே, "மாமி, துபாய் பொட்டி பேசுச்சா?" என்று குரல் கொடுப்பார். "பேசும், பேசும்" என்பாள். ரம்ஜான் பீ மட்டும் ஒவ்வொரு தடவை வரும்போதும் வாசலிலேயே நின்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அவசரம் இல்ல மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார்டோடு வந்த சி.டி.யிலிருந்து டிரைவர் ஏறி, திரையில் புதிதாக ஒரு டிரைவ் எழுத்து முளைத்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். குமுதவல்லி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். டிஸ்க்குக்குள் சில போட்டோக்கள், ஒரு வீடியோ. நேராக டிஸ்க்கிலிருந்து ஓட விட்டால் திக்கித் திக்கி நிற்குமென்று, முதலில் மிஷினுக்குள் காப்பி போட்டாள். மஞ்சள் உறையிலிருந்து காகிதம் பறந்து பறந்து இன்னொரு உறைக்குள் விழுகிற அந்தப் படம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் வாசலுக்கு வந்து, "முனுசாமி, வந்துடுத்து!" என்று கத்தினாள். ரம்ஜான் பீயைக் கூட்டி வர ஆளனுப்பச் சொன்னாள். பக்கத்துக் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அக்பர் பாய், வாங்கோ, உங்க மாப்பிள்ளைய வந்து பாருங்கோ!" என்றாள்.

அழைத்தது அவள்தான். பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தபோதும் அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்க முடியவில்லை.

ரம்ஜான் பீ மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது கடை நிறைந்திருந்தது. நடுவில் ஸ்டூலில் அக்பர். பின்னால் முனுசாமி, டீ குடிக்க வந்தவர்கள், பத்திரிகை வாங்க வந்த பட்டம்மாள், அவளுடைய தங்கை. படியிலும் ஆட்கள். அவளுக்கு வழிவிட்டு, திரைக்கு நேரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் உட்கார்ந்ததும் குமுதவல்லியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமி, அப்புறமா பாக்கலாம்."

"அப்புறம் என்ன? வந்துடுத்து, பாருங்கோ."

"இல்ல மாமி. அப்புறமா."

"கூச்சப்படாதீங்கோ. எல்லாம் நம்ம மனுஷாதானே?" என்று சொல்லி, பாட்டுக் கேட்பதற்காக வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கரின் திருகை ஒரு சுற்றுக் கூட்டினாள்.

திரையில் ஆசிக் வந்தான். இரட்டைக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தான். பின்னால் கயிற்றில் சட்டைகள் தொங்கின. முகம் ஒட்டிப் போயிருந்தது. அக்பர் முன்னுக்குச் சாய்ந்தார்.

"அம்மா, நல்லா இருக்கியா? தனியாத்தான இருக்கே? போட்டுக் குடுக்கறவங்க பக்கத்துல இருந்தா பரவால்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "எங்கள ஏம்பா கழிச்சி கட்டற?" என்றார் முனுசாமி. இன்னும் கொஞ்சம் சிரிப்பு. குமுதவல்லியின் கை அந்த நேரத்தில் மவுஸின் மேல்தான் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு, இத்தனை பேர் நடுவில் நிறுத்தினால் மிஷின் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்களே என்ற இன்னொரு நினைப்பின் அடியில் போய்விட்டது.

"அம்மா, ஒன்னு சொல்றேன், அழுவாத. நான் சூப்பர்வைசர்னு சொன்னேன் இல்ல, அது பொய்மா. மொதல்லேர்ந்து மெஷின் வேலதான். அதுலதான் கை மாட்டிக்கிச்சு. இடது கை. ரெண்டு வெரலு போயிடுச்சு. இப்ப மெஷின்ல நிக்க வைக்கறதில்ல. ஆளுங்க தங்கற கேம்ப்ல பெருக்கறேன், பாத்ரூம் கழுவறேன்."

 குமுதவல்லி மவுஸை அழுத்தினாள். அம்புக்குறி நகரவில்லை. வீடியோவை இழுக்கவே மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய மிஷின் அவள் அழுத்தியதைக் கவனிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும்.

"அக்பர் மாமாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத. நானே வந்து என் வாயால சொல்றேன். இன்னொருத்தரு சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. கேட்டுட்டு அவரு வேணாம்னா, சரின்னுட்டு வந்துடுவேன். ரூக்ஷாருக்கும்…"

ஸ்பீக்கரின் திருகு கைக்குச் சிக்கியது. சத்தம் நின்றது. படம் நிற்கவில்லை. சத்தமில்லாமல் ஆசிக் ஏதோ சொல்லிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த இடது கையை எடுத்துக் காமிராவுக்கு முன்னால் நீட்டிக் காட்டினான். பட்டம்மாள் "ஐயோ" என்றாள். குமுதவல்லி குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

அக்பர் எழுந்தார். ஸ்டூலை அதன் இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது ஆளுக்கொரு தடவை ரம்ஜான் பீயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குமுதவல்லி அவள் தோளைத் தொடப் போனபோது, அவள் எழுந்து தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டாள். டிஸ்க்கைக் கேட்கவுமில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது குமுதவல்லி சீனிவாசனிடம் சொன்னாள். "உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா?"

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். "தனியா பாக்கணும்னு அந்தம்மா சொல்லலையா?"

"சொன்னா."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், சண்டையாவது போட்டிருக்கலாம். இலையில் போட்டது போட்டபடி இருக்க அவள் எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும், எங்கோ கேள்விப்பட்டு வந்த ஒரு வாடிக்கையாளர், "என்னா மாமி, நேத்து இங்க படம் போட்டீங்களாமே?" என்றார். எதிர்ப்பக்கம் டீக்கடையில் விரலில்லாத மாப்பிள்ளை என்ற பேச்சு காதில் விழுந்தது. "பாத்ரூம் கழுவற சூப்பர்வைசரு" என்றான் ஒருவன். முனுசாமி அவனை அதட்டினார். ஆனால் அதட்டியவரும் முன்பு போல இந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. பேச்செல்லாம் ஆசிக்கைப் பற்றியும் அக்பரைப் பற்றியும்தான். குமுதவல்லியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்ட வேண்டியவளைத் திட்டாமல், திட்டக் கூடாதவனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள். அக்பர் ஒரு பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், தப்பு என்னோடது. அந்தப் பிள்ளை உங்ககிட்ட தானே வந்து சொல்றதாத்தான் இருந்தான். நீங்களே கேட்டேளே. அத மனசுல வெச்சுண்டு…"

"கேட்டேன் மாமி. எல்லாரும்தான் கேட்டாங்க." அவர் ஜிப்பை விடவில்லை. "வெரலு போனது அல்லா குடுத்த சோதனை. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். சூப்பர்வைசர்னு சொன்னது பொய்யி. அதுக்குக் கோவம் வந்திருக்கும். நாலு நாளு பேசாம இருந்திருப்பேன். அப்புறம் எப்டியோ. என் காதுல மட்டும் விழுந்திருந்தா நான் மட்டும் யோசிச்சிருப்பேன். இப்ப தெருவே யோசிச்சு முடிச்சிடுச்சு. நான் என்னா பண்றது? காலைல எம் பொண்ணு தண்ணி புடிக்கப் போயிட்டு, பாதிக் கொடத்தோட திரும்பி வந்துட்டா."

குமுதவல்லி ஒரு அடி முன்னால் வந்தாள். "பாய்…" என்றாள்.

"கடைக்கு ஆளு வருது மாமி" என்றார் அவர், வராத ஆளைப் பார்த்து.

டிஸ்க்கை அதே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் ரம்ஜான் பீயின் வீட்டுக்குப் போனாள். வழியில் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் கோத்துக்கொண்டு போனாள். வாசலில் உட்கார்ந்து ஒரு மாம்பழக் கலர் சேலைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த ரம்ஜான் பீயைப் பார்த்ததும் கோத்தது எல்லாம் உதிர்ந்துவிட்டது. ரம்ஜான் பீ நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை. நூலைப் பிரித்து, திரித்து, முடிந்து, அடுத்ததை எடுத்தது.

"என்னை நாலு வார்த்தை திட்டுங்கோ ரம்ஜானம்மா."

"திட்டினா?"

குமுதவல்லி டிஸ்க்கை வாசற்படியில் வைத்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம மாமி. தொழுதுட்டு அவன் பாய் கடைக்குப் போன் பண்ணுவான். பாய் எடுப்பாரு. அவரு வாயிலேர்ந்து அவனுக்குத் தெரியணுமா?" அவள் முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள். "கேம்ப் நம்பர் அவசரத்துக்குன்னு முருகேசன் குடுத்திருக்காரு. நேத்தே பண்ணலாம்னு பூத்து வரைக்கும் போனேன். எனக்கு வாய் வரல. என் கையால நான் அவன் மானத்த எடுத்தாந்து உங்க கடையில வெச்சிட்டேன்னு எப்டி சொல்லுவேன்? நீங்க சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க அவன்கிட்ட."

எதை வேண்டுமானாலும் கேட்பாள் என்று குமுதவல்லி எதிர்பார்த்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல எந்த முகம் இருக்கிறது?

மேட்டுத் தெருவில் ஐ.எஸ்.டி. பூத் ஒன்று இருந்தது. இரண்டு பேரும் நடந்து போனார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடம் இல்லை. ரம்ஜான் பீ வெளியே நின்றாள். யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, செருப்புச் சத்தம் நெருங்கி வந்து, "அலோ, யாரு?" என்றது ஆசிக்கின் குரல். அந்த ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல்.

"ஆசிக், நான் குமுதவல்லி பேசறேன். காஞ்சிபுரம். கம்ப்யூட்டர் மாமி."

"மாமி! நல்லா இருக்கீங்களா? டிஸ்க் ஓடுச்சா மாமி? அங்க பழைய மிஷினா இருந்தா ஓடாதுன்னு முருகேசன் அண்ணன்கிட்ட சொன்னேன். அம்மா பாத்தாங்களா?"

"பாத்தா. ஓடித்து." அவள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "ஆசிக், தெரியாம ஒரு தப்பு நடந்துபோச்சு. போடறப்போ கடையில சில பேர் இருந்தா. அக்பர் பாயும் இருந்தார். எல்லாரும் கேட்டுட்டா."

கண்ணாடிக்கு வெளியே ரம்ஜான் பீ அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. தெரியாம என்று சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்பதனாலேயே குமுதவல்லியால் அதை அப்படியே விட முடியவில்லை.

"இல்லப்பா. தெரியாம இல்ல. உங்கம்மா மொதல்லயே சொன்னா, தனியா பாக்கணும்னு. போடறப்பவும் என் கையப் பிடிச்சு அப்புறம் பாக்கலாம்னு சொன்னா. நான்தான் கேக்கல. அக்பர் பாயை நான்தான் கூப்பிட்டேன். எல்லாரையும் நான்தான் கூப்பிட்டேன். என் மிஷின்ல ஓடறதுன்னு எல்லாரும் பாக்கணும்னு ஆசைப்பட்டேன்."

மறுமுனையில் யாரோ இந்தியில் ஏதோ கத்தினார்கள்.

"அம்மா என் கையப் பாத்தாங்களா?"

"பாத்தா."

"அழுதாங்களா?"

"இல்ல. எங்க முன்னாடி அழல. இங்கதான் வெளியில நிக்கறா."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள். அறுந்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. பிறகு அவன் சொன்னான்.

"அம்மாகிட்ட போனக் குடுங்க மாமி."

கோபமில்லாமல்தான் சொன்னான். ஆனால் அதற்கு மேல் தன்னிடம் பேச அவனுக்கு எதுவும் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். ரம்ஜான் பீ உள்ளே போய், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் குலுங்கின. குமுதவல்லி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அதையாவது பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பக்கத்துக் கடையில் போன் அடித்தது. சுவருக்கு இப்பால் குமுதவல்லி ஒரு பத்திரிகையின் பார்டரை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "ம்… சொல்லு" என்று அக்பர் சொன்னது கேட்டது. எழுந்து வெளியே போய்விட்டாள். தேரடி வரைக்கும் நடந்து, அங்கே சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. சம்பந்தம் இல்லை என்று ஆகிவிட்டது மட்டும் தெரிந்தது. அடுத்த வருஷம் ரூக்ஷாரை ஆற்காட்டில் ஒரு மளிகை வியாபாரி வீட்டில் கொடுத்தார்கள். பத்திரிகையை அக்பர் கோதண்டபாணியிடம் அடித்துக்கொண்டார்.

ஆசிக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினான். வந்த மறுநாளே அக்பர் கடைக்குப் போனதாக முனுசாமி சொன்னார். எல்லாம் தெரிந்த மனிதரிடம், எல்லாம் முடிந்த பிறகு, உட்கார்ந்து தன் வாயால் முழுதும் சொன்னானாம். அக்பர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தாராம். முனுசாமியே கொண்டுபோய்க் கொடுத்த டீ அது. குமுதவல்லி அன்று கடையைத் திறக்கவில்லை.

பிறகு அவன் செவிலிமேடு ரோட்டில் செல்போன் ரீசார்ஜ் கடை ஒன்று வைத்தான். அதற்கு நோட்டீஸ் அடிக்க அவளிடமே வந்தான். அவள் எதிர்பார்க்கவில்லை. இடது கையை மறைக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு, கடைப் பெயர், விலாசம் எல்லாம் சொன்னான். அவள் அடித்தாள். இரண்டு இடத்தில் தப்பாக அடித்தாள். அவன் திரையைப் பார்த்துத் திருத்தினான்.

"ஆசிக்" என்று ஆரம்பித்தாள்.

"அந்த லைனு கொஞ்சம் பெருசா வரட்டும் மாமி" என்றான் அவன்.

நோட்டீஸ் தயாரானதும் அவன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாமல், கட்டைத் தானே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். உச்சி வெயில். கதவைத் திறந்தது ரம்ஜான் பீ. பூத்துக்குப் போய் வந்த நாளுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நிற்பது அப்போதுதான். தெருவில் எதிர்ப்பட்டால் ரம்ஜான் பீ ஏதாவது ஒரு கடைக்குள் திரும்பிவிடுவாள். அவள் கட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்ப வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் கடையில இருக்கான்."

"தெரியும். உங்கள பாக்கத்தான் வந்தேன்."

"அவன் ஒன்னும் மனசுல வெச்சுக்கல மாமி. மாமி உண்மையச் சொன்னாங்கன்னு சொல்றான். நான்தான்…" என்று நிறுத்தினாள். "வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வாங்கன்னு கூப்பிடணும். வாய் வரமாட்டேங்குது. இன்னும் வரமாட்டேங்குது."

"சரிம்மா" என்றாள் குமுதவல்லி.

ரம்ஜான் பீ கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவில் அப்படியே நின்றாள். குமுதவல்லி முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.